பங்கு கேட்கத் தெரிந்த மகள், பங்கு கொடுக்கத் தெரிந்த மகன்: வீட்டுக்குள் செய்ய வேண்டியவை

சொத்தில் தங்களுக்குள்ள பங்கை விட்டுக் கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுத வரும் பெண்கள் பெரும்பாலும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். "எந்த எடத்துலங்க கையெழுத்துப் போடணும்?" அதில் எத்தனை செண்ட் போகிறது, எந்தச் சர்வே எண், எவ்வளவு ரூபாய் வாங்கிக்கொண்டதாக எழுதியிருக்கிறது என்று கேட்பவர்கள் அபூர்வம். புதுக்கோட்டை மாவட்டத்தில், பலாவும் முந்திரியும் கடலையும் விளைகிற பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவள் நான். அப்பா இறந்து கருமாதி முடிந்ததும் அண்ணன் தம்பிகள் அக்கா தங்கைகளைக் காரில் கூட்டிவருவார்கள். "எழுதியிருக்கிறது என்னன்னு தெரியுமா, சம்மதமா?" என்று அதிகாரி கேட்கும்போது, வாயைத் திறப்பதற்கு முன் அந்தப் பெண்கள் அண்ணன் முகத்தைப் பார்ப்பார்கள்.

அந்தப் பார்வை பதிவு அலுவலகத்தில் பழகியதில்லை. ஐந்து வயதில், கறிக்குழம்புச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது பழகியது. அண்ணன் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்த பிள்ளைதான் நாற்பது வயதில் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணன் தலையாட்டட்டும் என்று காத்திருக்கிறாள். அதனால்தான் பத்திரம் எழுதுகிறவள் சமையலறையைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.

சட்டத்தில் குறை இருந்த காலம் முக்கால்வாசி போய்விட்டது. பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். அறுபது வருஷம் கழித்து, 1989இல், தமிழ்நாடு தன் அளவில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தது. அப்போதும் 25.3.1989க்கு முன் கல்யாணமாகிப் போனவர்களுக்கு அது கிடைக்கவில்லை. 9.9.2005இல் வந்த மத்தியச் சட்டம் அந்தத் தடையை எடுத்தது. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது: மகளுக்குப் பங்கு பிறப்பால் வருவது, அப்பா இருந்தாலும் இறந்தாலும் அது மாறாது. இவ்வளவும் நடந்த பிறகும் என் மேசைக்கு விடுதலைப் பத்திரம் வந்துகொண்டேதான் இருக்கிறது. மிச்சம் இருக்கிற வேலை நம் வீட்டுக்குள் இருக்கிறது.

இதைச் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீட்டுக்காரர்கள் நேராகக் காகிதங்களைப் பற்றிய பகுதிக்குப் போகலாம்.

ஒரு வாரம் வெறுமனே பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் வீட்டைக் கவனியுங்கள். யாரிடமும் சொல்லாதீர்கள். கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கம் குறித்து வைத்தால் போதும். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டுமென்றால் யார் எழுந்திருக்கிறார்? விருந்தாளி வந்ததும் யார் பெயர் சொல்லிக் கூப்பிடப்படுகிறது, "காபி போடும்மா" என்பது யாருக்கு? பையன் சாப்பிட்ட தட்டு எங்கே கிடக்கிறது? அவன் எழுந்து போன இடத்தில் பாய் யாரால் சுருட்டப்படுகிறது? பெண் பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்போது எத்தனை தடவை எழுப்பப்படுகிறாள், பையன் எத்தனை தடவை? கடைசிக் கேள்விதான் முக்கியமானது. மகள் புத்தகத்தை வைத்துவிட்டுத் துணி எடுக்கப் போவதும், அந்த நேரத்தில் மகன் தெருவில் கிரிக்கெட் ஆடுவதும் நம் கண்ணில் படுவதே இல்லை. எழுதிப் பார்த்தால் படும்.

2024இல் மத்தியப் புள்ளியியல் துறை எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்கிற பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள், செய்கிற ஆண்கள் 88 நிமிடம். செய்யாத ஆண்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே எடுத்துப் பாருங்கள்.

குறித்ததை வைத்துச் சண்டை போட வேண்டாம். வீட்டுக்காரரிடம் தனியாக, ஆள் சும்மா இருக்கிற நேரமாகப் பார்த்து, "இதப் பாருங்க, நம்ம புள்ள இந்த வாரத்துல இத்தன தடவ எந்திரிச்சிருக்கா" என்று காட்டினால் பல அப்பாக்களுக்கு உறைக்கும். மகள் மேல் உயிரையே வைத்திருக்கிற அப்பாக்கள் நம் ஊரில் நிறைய. அவர்களுக்குப் பாசம் குறைவில்லை, கண்ணில் பட்டதில்லை, அவ்வளவுதான்.

சட்டியும் தட்டும்

கறி எடுக்கிற ஞாயிற்றுக்கிழமைதான் நம் வீட்டுப் பாடசாலை. ஈரல் யாருக்கு, கோழிக்கால் யாருக்கு, மீனில் நடுத்துண்டு யாருக்கு என்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆண்கள் முதல் பந்தி, பிள்ளைகள் அடுத்து, அம்மாவும் அப்பத்தாவும் கடைசி. அம்மாவுக்குச் சட்டியை வழித்த குழம்பு. அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும் என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் (2019–21) 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, ஆண்களில் 25 சதவீதம் பேருக்கு. மாதவிடாயும் பிள்ளைப்பேறும் ஒரு காரணம்தான். ஆனால் மாதாமாதம் ரத்தம் போகிறவளுக்குத்தானே ஈரல் முதலில் போக வேண்டும்? நாம் நேர்மாறாகச் செய்கிறோம்.

செய்ய வேண்டியது சின்னது. சமைத்த எல்லாவற்றையும் கூடத்தில் நடுவில் கொண்டுவந்து வையுங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் உட்காருங்கள், பரிமாறுகிறவர் உட்பட. கரண்டியை ஒருநாள் மகனிடம் கொடுங்கள், ஒருநாள் அப்பாவிடம், ஒருநாள் மகளிடம். பரிமாறுகிறவர் ஆளுக்குச் சமமாக வைக்க வேண்டும் என்பது ஒன்றே விதி. கரண்டி கையில் இருக்கும்போதுதான் பையனுக்கு எத்தனை துண்டு இருக்கிறது, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது தெரியும். பின்னாளில் நான்கு ஏக்கரையும் நான்கு பேரையும் பார்க்கிறபோது இதே கணக்குதான் அவனுக்குக் கை கொடுக்கும். தண்ணீர் வேண்டுபவர் தானே எழுந்து எடுத்துக்கொள்ளட்டும். செம்பை மொண்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அதுவும் தேவையில்லை.

அப்பத்தா ஒத்துக்கொள்ள மாட்டார். "ஆம்பளைய சாப்புடச் சொல்லிட்டு அப்புறம் உக்காருடி" என்பார். அவரோடு வாதாடாதீர்கள். "நீங்க இன்னைக்கு மொதல்ல உக்காருங்க அத்தை" என்று அவரையே முதலில் உட்கார வைத்து, நல்ல துண்டை அவர் தட்டில் போடுங்கள். வாழ்நாள் முழுக்கக் கடைசியில் சாப்பிட்ட மனுஷி. சூடாக, முழுசாகச் சாப்பிட்ட பிறகு அவர் எதிர்ப்பு தானாகக் குறைவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

வேலையை முழுசாகக் கொடுங்கள்

பையனுக்கு வேலை கொடுக்கிற வீடுகள் இப்போது கூடியிருக்கின்றன, சந்தோஷம். ஆனால் எப்படிக் கொடுக்கிறோம்? "தம்பி, அந்த வெங்காயத்த உரிச்சிக் குடு." உரித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். என்ன சமைப்பது, வெங்காயம் இருக்கிறதா, நாளைக்கு என்ன என்ற யோசனை முழுக்க அம்மா தலையிலேயே இருக்கிறது. மகள் மட்டும் அம்மா கூடவே நின்று அந்த யோசனையையும் கற்றுக்கொள்கிறாள். கல்யாணமான பிறகு "எங்கிட்ட சொல்லியிருந்தா செஞ்சிருப்பேன்ல" என்று சொல்லும் ஆண்கள் அந்த வெங்காயம் உரித்த பையன்கள்தான்.

அதனால் ஒரு வேலையை அடி முதல் நுனி வரை ஒருவரிடம் விடுங்கள். எங்கள் வீட்டில் மாவு மகன் பொறுப்பு. மாவு தீரப்போகிறது என்று பார்ப்பது, நாலு படி இட்லி அரிசிக்கு ஒரு படி உளுந்து, கொஞ்சம் வெந்தயம் என்று அளந்து ஊறப்போடுவது, உளுந்தைத் தனியாகப் பொங்கப் பொங்க ஆட்டி எடுப்பது, அரிசியை ஆட்டிக் கலந்து உப்புப் போட்டு வைப்பது, கிரைண்டரைக் கழுவிக் கவிழ்ப்பது வரை. மறந்துபோனால் மறுநாள் இட்லி கிடையாது, உப்புமாதான். யாரும் திட்ட மாட்டோம், யாரும் அவனுக்குப் பதிலாக ஊறப்போடவும் மாட்டோம். இந்த இரண்டாவதுதான் அம்மாக்களுக்குக் கஷ்டம். பையன் படிக்கிறானே என்று மனசு கேட்காமல் ராத்திரி பத்து மணிக்கு நாமே அரிசியைக் களைந்துவிடுவோம். அதைச் செய்யாமல் இருங்கள்.

மகளிடம் விட வேண்டிய வேலைகளும் இருக்கின்றன. மோட்டார் போடுவது, ஃபியூஸ் போனால் பார்ப்பது, மின்கட்டணம் கட்டுவது, வண்டிக்குக் காற்று அடிப்பது, பஞ்சர் கடையில் நின்று பேசுவது, உரக்கடையில் விலை கேட்பது, கடலை அறுப்புக்கு ஆள் பேசிக் கூலி கொடுப்பது. ஆள் பேசுவதும் கூலி கொடுப்பதும் மிக முக்கியம். நிலத்தில் வேலை செய்த பெண்கள் நம் ஊரில் கோடி, நிலத்தைப் பற்றி முடிவெடுத்த பெண்கள் குறைவு. களை எடுக்க மட்டும் மகளை அனுப்பிவிட்டு, கடலை விற்ற பணத்தை மகனை எண்ணச் சொன்னால், நிலம் யாருடையது என்று இரண்டு பேருக்கும் விளங்கிவிடுகிறது.

பத்து வயதுக்குமேல் அவரவர் உள்ளாடையை அவரவர்தான் துவைக்க வேண்டும். இதில் விளக்கம் சொல்ல ஒன்றுமில்லை.

வாசலைத் தாண்டுவது

1991-92இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்துக் கற்பிப்பதோடு பெண்களுக்குச் சைக்கிள் கற்பிப்பதையும் இயக்கத்தில் சேர்த்தார். நானும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன், வாடகைக்கு எடுத்த, பார் வைத்த ஆம்பளைச் சைக்கிளில். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு ஊர் மந்தையைத் தாண்டி ஓட்டியபோது கிழவர்கள் காறித் துப்பினார்கள். கல்லுடைக்கிற பெண்களும் அங்கன்வாடி டீச்சர்களும் சாரிசாரியாக ஓட்டிப் போக ஆரம்பித்ததும் துப்புவதை நிறுத்தினார்கள். தண்ணீர் எடுக்கவும் பூவைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஆண்பிள்ளைக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றாகிவிட்டது.

இப்போது சைக்கிள் பெரிய விஷயமில்லை. டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. ஆனாலும் வீட்டில் இருக்கிற ஸ்கூட்டர் சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். பதினெட்டு முடிந்ததும் மகனுக்கு எடுத்த ஓட்டுநர் உரிமத்தை மகளுக்கும் அதே வருஷம் எடுங்கள். சாயங்காலம் இத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்றால் அந்த மணி இரண்டு பேருக்கும் ஒன்றாக இருக்கட்டும். பயம் நியாயமானது, எனக்கும் இருக்கிறது. அந்தப் பயத்தை மகளை அடைத்துத் தீர்க்கப் பார்க்கிறோம். தெருமுனையில் நிற்கிற பையன்களில் நம் வீட்டுப் பையனும் ஒருவன்தானே. போகிற பெண்ணை என்ன பேசினான், கூட நின்றவன் பேசியபோது இவன் என்ன செய்தான் என்று அவனைக் கேட்டீர்களா? ராத்திரி எட்டு மணிக்கு அந்தக் கேள்வியை அவனிடம் கேட்கிற அப்பா இருந்தால் ஊரில் பல பெண்கள் டியூஷன் போகலாம்.

அப்பா உறுதியாக நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் ஊர்க் கதையே போதும். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது பையன்களின் பெற்றோர் எதிர்த்தார்கள். அப்பா பின்வாங்கவில்லை, மன்னரும் அனுமதித்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கிய அந்தப் பெண் பிறகு சட்டமன்றத்துக்கே போனார்.

சடங்கான பிறகு

சடங்கு செய்வதா வேண்டாமா என்று நான் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. தாய்மாமன் சீர், மொய், உறவுக்காரர் பகை என்று அதில் பல முடிச்சு. என் கருத்தைக் கேட்டால் வேண்டாம் என்பேன். ஊரைக் கூட்டிப் பந்தல் போட்டு ஒலிபெருக்கி வைப்பது பிள்ளையின் உடம்பை ஊருக்கு அறிவிப்பது. அந்தப் பணம் கல்லூரிக்கு ஆகும். செய்தே ஆக வேண்டிய நிலை என்றாலும் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒனக்கு இஷ்டமா?" என்று கேளுங்கள். கேட்காமல் செய்வதுதான் பெரிய பாடமாக அவள் மனசில் நிற்கும்.

நான் விடாப்பிடியாகச் சொல்வது வேறொன்று. மாதவிடாய் என்றால் என்ன என்று தம்பிக்கும் அண்ணனுக்கும் சொல்லுங்கள். அவனுக்கு எட்டு ஒன்பது வயதிலேயே சொல்லிவிடலாம். கடையில் நாப்கின் வாங்கிவரும் வேலையை அவனிடமும் கொடுங்கள். கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போடப் போனால், "சும்மா குடுங்கண்ணே" என்று சொல்லப் பழகட்டும். அந்த மூன்று நாளும் அவளைத் திண்ணையில் ஒதுக்கித் தனித் தட்டு வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால், அதை இந்த மாதத்தோடு நிறுத்துங்கள். சாமிக்கு ஆகாது என்பார்கள். பூசை அறைக்குள் போவதும் போகாததும் அவள் விருப்பமாக இருக்கட்டும். தட்டையும் பாயையும் பிரிப்பதற்குச் சாமியைச் சாட்சி இழுக்க வேண்டாம்.

வாயில் வருகிற சொற்கள்

"இன்னொருத்தன் வீட்டுக்குப் போறவ." இந்த ஒரு வாக்கியம் போதும். தோசை கருகினால் சொல்கிறோம், சத்தமாகச் சிரித்தால் சொல்கிறோம், படிக்க அனுப்புவதா என்று யோசிக்கும்போதும் சொல்கிறோம். பிறந்த வீடு தன் வீடு இல்லை என்று இருபது வருஷம் கேட்டு வளர்ந்தவள், அந்த வீட்டில் பங்கு கேட்பதைத் திருட்டு மாதிரி நினைக்காமல் என்ன செய்வாள்? என் மேசையில் பெண்கள் சொல்வது அதேதான். "அது அண்ணன் வீடுங்க. நான் எப்புடிக் கேக்குறது?"

பையன் காதில் விழுகிறதும் குறைவில்லை. "பொட்டச்சி மாதிரி அழாதே." "நீதான்டா இந்த வீட்டுக்கு வாரிசு." "அக்காவ நீதான் கண்ணுல வச்சுப் பாத்துக்கணும்." மூன்றாவது அன்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறு வயசுப் பையனிடம் பன்னிரண்டு வயசு அக்காவை ஒப்படைத்தால், அக்கா என்ன உடுத்தலாம், யாரிடம் பேசலாம் என்று பதினெட்டு வயசில் அவன் தீர்ப்புச் சொல்ல ஆரம்பிப்பான்.

வீட்டில் யாராவது இப்படிச் சொன்னால் அந்த இடத்திலேயே, பிள்ளைகள் காதில் விழும்படி, ஒரு வரி திருப்பிச் சொல்லுங்கள். நீளமாகப் பேசினால் சண்டையாகிவிடும். மாமியார் சொன்னால்: "இவ வீடும் இதுதான் அத்தை. எங்க போனாலும் இது இவ வீடுதான்." மாமா சொன்னால்: "ரெண்டும் வாரிசுதான் மாமா, கவர்மெண்டே அப்புடித்தான் எழுதுது." சொந்த அண்ணன் சொன்னால் இன்னும் நேராக: "அண்ணே, புள்ள முன்னாடி அப்புடிப் பேசாத." குரல் உயர வேண்டியதில்லை. பெரியவர் மாற வேண்டும் என்பதற்காகச் சொல்வதில்லை இது, கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்காகச் சொல்வது. ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும்.

காகிதங்களை எடுத்துக் காட்டுங்கள்

இங்கேதான் பெரும்பாலான வீடுகள் தவறவிடுகின்றன. படிக்க வைக்கிறார்கள், வேலைக்கு அனுப்புகிறார்கள், நகை போடுகிறார்கள். பீரோவில் இருக்கிற பத்திரப் பையை மட்டும் மகளிடம் காட்டுவதில்லை.

பிள்ளைகள் பதினைந்து பதினாறு வயதானதும் ஒரு விடுமுறை நாளில் அந்தப் பையை எடுத்து நடுக்கூடத்தில் விரியுங்கள். மகன், மகள் இரண்டு பேரும் இருக்க வேண்டும். மூலப்பத்திரம் எது, பட்டா எது, சிட்டா எது என்று காட்டுங்கள். சர்வே எண்ணையும் உட்பிரிவையும் மகளை வாசிக்கச் சொல்லுங்கள். நிலத்தின் மேல் அடமானம், விற்பனை ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று வில்லங்கம் பார்ப்பது எப்படி என்பதை பதிவுத்துறை இணையதளத்தில் செல்போனிலேயே காட்டலாம். பிறகு நிலத்துக்கே கூட்டிப்போய் நான்கு எல்லையையும் நடந்து காட்டுங்கள். கிழக்கே யார் வரப்பு, மேற்கே எந்த வாய்க்கால், பாதை எது. அப்பா இறந்த பிறகு "எங்க நெலம் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லும் எம்.ஏ. படித்த பெண்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

அன்றைக்கே கணக்கையும் சொல்லிவிடுங்கள். இந்து வீட்டில், அப்பா சுயமாகச் சம்பாதித்த நான்கு ஏக்கர் இருக்கிறது, உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார், மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள் என்றால் ஆளுக்கு ஒரு ஏக்கர். அப்பாவைப் பெற்ற அம்மா உயிரோடு இருந்தால் ஐந்து பங்கு. சுயசம்பாத்தியத்தில் இந்தச் சமப்பங்கு 1956இலிருந்தே இருக்கிறது. பூர்வீகச் சொத்தென்றால் மேலே சொன்ன திருத்தங்களின்படி மகளும் மகனும் ஒன்று, 20.12.2004க்கு முன்பே பதிவாகி முடிந்த பாகப்பிரிவினையை அது கலைக்காது. சுயசம்பாத்தியத்தை அப்பா யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், அதிலும் மகனும் மகளும் சமம். முஸ்லிம் வீடுகளில் மகளுக்கு மகனின் பங்கில் பாதி, அந்தப் பாதியைக்கூடக் கொடுக்காமல் எழுதி வாங்குவதைப் பார்க்கிறேன்.

உடனே ஒரு கேள்வி வரும்: "அவளுக்குத்தான் அறுபது பவுன் போட்டோமே?" நகையும் சீரும் வாரிசுரிமைப் பங்கைக் கழிக்காது. வரதட்சணை 1961இலிருந்து குற்றம், குற்றத்தைச் செலவுக் கணக்கில் எழுத முடியாது. உண்மையிலேயே மகளுக்குக் கொடுக்க நினைக்கிற அப்பா, கல்யாணத்தன்று நகையாகக் கொடுப்பதைவிட அவள் பெயரில் நிலமாகவோ மனையாகவோ செட்டில்மெண்ட் எழுதிக் கொடுப்பது நல்லது. நகை மாமியார் பீரோவுக்குப் போய்விடும், அடகுக் கடைக்குப் போய்விடும். பத்திரத்தில் இருக்கிற பெயரை அவள் கையெழுத்து இல்லாமல் யாரும் மாற்ற முடியாது.

அப்பாக்களுக்கு என் வேண்டுகோள்: உயிரோடு இருக்கும்போதே பிரித்து எழுதிவையுங்கள். நீங்கள் சொன்னால் மகன் கேட்டுக்கொள்வான். நீங்கள் போன பிறகு தங்கை கேட்டால் அது சண்டை. அந்தச் சண்டையின் முழுப் பாரத்தையும் மகள் தலையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

கையெழுத்து நாள்

அப்பா இறந்ததும் தாசில்தார் அலுவலகத்தில் வாங்குகிற வாரிசுச் சான்றில் எல்லா மகள்கள் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள், கல்யாணமானவர்கள் பெயரும். அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தில் அம்மாவுக்கும் சமப்பங்கு உண்டு. அம்மாவிடம் எழுதி வாங்குவதுதான் முதலில் நடக்கும், அம்மாக்கள் அதைச் சுலபமாகச் செய்துவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். கையில் ஒரு ஏக்கர் வைத்திருக்கிற அம்மாவுக்குக் கஞ்சி ஊற்றுவதற்கும், ஒன்றுமில்லாத அம்மாவுக்கு ஊற்றுவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

விடுதலைப் பத்திரம் என்று பேச்சு வந்தால், நகலை முதலில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். "ரெண்டு நாள் படிச்சிட்டுச் சொல்றேண்ணே" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அரசு குறித்திருக்கிற வழிகாட்டி மதிப்புப்படி உங்கள் பங்கு எவ்வளவு, சந்தையில் எவ்வளவு என்று விசாரியுங்கள். பத்து லட்சம் பெறுகிற பங்குக்கு ஐம்பதாயிரம் வாங்கிக்கொண்டதாக எழுதியிருக்கலாம். வாங்காத தொகையை வாங்கியதாக எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பதிவான பிறகு உங்கள் விருப்பத்துக்கு அதை ரத்து செய்ய முடியாது, வழக்கு என்று வருஷக்கணக்கில் அலைய வேண்டும். யோசித்து, விலை தெரிந்து, மனசார அண்ணனுக்கு விட்டுக் கொடுக்கிற பெண்களும் உண்டு. அது அவர்கள் உரிமை. தெரிந்து கொடுக்கட்டும் என்பதுதான் என் கவலை. என்னிடம் வருகிற பெண்களை நான் தனியாக உட்காரவைத்து முழுப் பத்திரத்தையும் வாசித்துக் காட்டுகிறேன். அண்ணன்கள் சிலர் கோபித்துக்கொண்டு வேறு எழுத்தரிடம் போகிறார்கள். போகட்டும்.

பெண்களுக்கு உண்மையான பயம் பணம் இல்லை. "பங்கு கேட்டா பொறந்த வீட்டு வாசல் அடைஞ்சிரும்." நாளைக்குப் பிள்ளைக்குக் காது குத்த மாமன் மடி வேண்டும், புருஷனோடு சண்டை என்றால் வந்து நிற்க ஒரு திண்ணை வேண்டும். இந்தப் பயத்தை மகள் தனியாகத் தீர்க்க முடியாது, மகன்தான் தீர்க்க வேண்டும். அண்ணன் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: அவள் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். "தங்கச்சி, இது ஒன் பங்கு. எழுதிக்க. நான் வாங்கணும்னாலும் வெல குடுத்துத்தான் வாங்குவேன்." உங்கள் மனைவி முன்னால், பிள்ளைகள் முன்னால் சொல்லுங்கள். உங்கள் மனைவியும் எங்கோ ஓர் அண்ணனுக்குத் தங்கைதான். அவள் பங்குக்காக மச்சானிடம் சண்டைக்கு நிற்கிற ஆண்கள் பலர், சொந்தத் தங்கையிடம் எழுதி வாங்கியவர்களாகவே இருக்கிறார்கள்.

பேச்சு உதவாத இடம்

மேலே சொன்னதெல்லாம் ஒருவரை ஒருவர் மதிக்கப் பழகக்கூடிய வீடுகளுக்கு. அடி விழுகிற வீட்டில் கரண்டியை மாற்றிப் பிடிப்பதால் எதுவும் நடக்காது. அங்கே 181க்குப் போன் செய்யுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள். குழந்தைகள் என்றால் 1098. குடும்ப வன்முறைச் சட்டம் 2005 அடியை மட்டும் சொல்லவில்லை. திட்டி அவமானப்படுத்துவதும், சம்பளத்தைப் பிடுங்குவதும், செலவுக்குப் பணம் தராமல் இருப்பதும் அதில் வருகின்றன. வீடு யார் பெயரில் இருந்தாலும் கூடி வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை அவளுக்கு உண்டு. மகள் போனில் அழுதால் "அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்வதற்கு முன் பஸ் ஏறிப் போய் அவளை நேரில் பாருங்கள்.

உங்கள் சொத்துக்கு நீங்கள் உயில் எழுதுங்கள்

பெண்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. சம்பாதித்துத் தன் பெயரில் மனை வாங்கிய இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், முதலில் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் போகும். அவர்கள் இல்லையென்றால் கணவனின் வாரிசுகளுக்குப் போகும். அவர்களும் இல்லையென்றால்தான் அவளைப் பெற்ற அம்மா அப்பாவுக்கு. பிள்ளையில்லாமல் கணவனை இழந்து, பிறந்த வீட்டுக்கு வந்து, படித்து வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம்கூட, அவளை விரட்டிய புகுந்த வீட்டுக்கே போகலாம். 2009இல் உச்ச நீதிமன்றத்துக்கு அப்படி ஒரு வழக்கு வந்து, சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்று தீர்ப்பும் ஆனது. அம்மா அப்பாவிடமிருந்து வாரிசாக வந்த சொத்து மட்டும், பிள்ளை இல்லாதபோது, அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும்.

அதனால் உங்கள் பெயரில் ஒரு செண்ட் இருந்தாலும், வங்கியில் ஒரு வைப்புத்தொகை இருந்தாலும் உயில் எழுதிவையுங்கள். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளில் எழுதலாம். நீங்கள் கையெழுத்திட வேண்டும், இரண்டு சாட்சிகள் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். சொத்து யாருக்குப் போகிறதோ அவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுங்கள், செலவு குறைவு, பின்னால் தகராறு வந்தால் துணை நிற்கும். மனசு மாறினால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். எழுதி முடித்ததும் அது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று மகளிடமும் மகனிடமும் சொல்லிவிடுங்கள்.